முதியோருக்கான நேர வங்கி தொடங்குவது எப்படி? பல ஏன் பாதியில் நின்றுபோகின்றன?

ஒருவருக்கு ஒரு மணி நேரம் உதவினால் உங்கள் கணக்கில் ஒரு மணி வரவு. உங்களுக்குத் தேவைப்படும்போது வேறொருவரின் உதவியாக அதை எடுத்துக்கொள்ளலாம். 1973-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி தொடங்கிய அமைப்பு இதற்கு முன்னோடி.

தொடக்கத்தில் செயலி வேண்டாம். ஒரு தொலைபேசி எண், ஒரு பேரேடு, சம்பளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், நடந்து போகும் தூரத்துக்குள் இருபது முப்பது பேர். இது போதும்.

பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: உதவ ஆள் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. "யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்று பெரியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "குளியலறை பல்பு எரிகிறதா? வியாழக்கிழமை மருந்து வாங்கி வரட்டுமா?" என்று கேளுங்கள். கூடவே அவர்களும் மணி சேர்க்க வழி வையுங்கள்: தனியாக இருக்கும் இன்னொருவரிடம் தினமும் தொலைபேசியில் பேசுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, துணி தைப்பது. கொடுக்கவும் முடிகிறவர் கூச்சமில்லாமல் கேட்பார்.

படுக்கையிலிருந்து தூக்குவது, மாத்திரை பிரித்துக் கொடுப்பது, வங்கியில் பணம் எடுப்பது ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். தவறாகத் தூக்கினால் இடுப்பெலும்பு முறியலாம். அது பயிற்சி பெற்றவர் வேலை. முதல் சில சந்திப்புகளுக்கு உதவுபவர்கள் இருவராகப் போகட்டும்.

சம்பளத்துக்கும் காப்பீட்டுக்கும் பணம்தான் வேண்டும், மணிகள் உதவாது. நன்கொடையை மட்டும் நம்பினால் அது நின்ற மாதமே எல்லாம் நிற்கும். முதல் நாளிலிருந்தே சிறு சந்தா வாங்குங்கள். முதுமைக்கென்று மணிகளைச் சேமிப்பவர்களிடம், அமைப்பு மூடப்பட்டால் அவை கிடைக்காது என்பதைச் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.