கப்பின் அடியில் யார் பெயர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டர்பன் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து கையால் மண் கப், தட்டு செய்கிறோம். ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைஞர்களின் லினோகட் படங்களை, அதாவது லினோலியம் தகட்டில் வெட்டி அச்சடித்த படங்களை, அவற்றில் பதித்து விற்று, லாபம் முழுவதையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். அந்தக் கலைஞர்களை இப்போது யாருக்கும் தெரியாது, பலர் உயிரோடும் இல்லை. தர்மத்துக்குத்தானே, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஒரு கப் 250 ராண்ட் என்று வைக்கலாமா? படம் கழுவக் கழுவப் போய்விடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல மனசோடு இறங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் 'தர்மத்துக்குத்தானே' என்று நீங்களே தீர்ப்பெழுதிவிட்ட வரி என்னை உறுத்துகிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்றால் ஆங்கிலேயருக்கும் ஜூலுக்களுக்கும் நடந்த 1879 போரைச் சொல்வார்கள். கறுப்பின இளைஞர்கள் ஓவியம் பயில நாட்டில் இடமே அரிதாக இருந்த 1960களில், அங்கிருந்த கலை மையத்தில்தான் அசாரியா எம்பாதாவும் ஜான் முவாஃபாங்கேஜோவும் லினோ வெட்டினார்கள். அவர்களையா யாருக்கும் தெரியாது? படம் ஊரெல்லாம் சுற்றும், பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடும். நீங்களும் அதைத்தான் செய்யப் பார்க்கிறீர்கள். இங்குள்ள இந்தியர்களான நம் கதையும் அதுதானே. டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயிலைக் கட்டியவர் கிருஷ்டப்பா ரெட்டி. அங்கே கற்பூரம் ஏற்றுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. முவாஃபாங்கேஜோ இறந்தது 1987. 2037 முடியும்வரை கேட்காமல் கை வைக்கக் கூடாது. எம்பாதா 2018, அது 2068வரை போகும். பிரிண்டை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் நகலெடுக்கும் உரிமை கூடவே வராது. மண்ணில் கையால் கீறினாலும் நகல் நகல்தான். கேட்காமல் எடுத்து இல்லத்துக்குக் கொடுப்பது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. முதலில் கலைஞரின் குடும்பத்துக்கோ, படைப்பாளிகளின் உரிமையைக் கவனிக்கும் டால்ரோ அமைப்புக்கோ எழுதுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கப்பில் ஒட்டும் படத்தாளான டீகால் ஒன்றுகூட அச்சடிக்காதீர்கள்.

அனுமதி கிடைத்தால் பெயரைக் காகிதச் சீட்டில் தொங்கவிடாதீர்கள், அது அன்றைக்கே குப்பைக்குப் போகும். ரோர்க்ஸ் டிரிஃப்ட் பானைகள் பலவற்றின் அடியில் மையத்தின் குறியோடு செய்தவர் பெயரும் இருக்கும். அவர்களே காட்டிய வழி அது. மண் தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது தொட்டால் சில்லென்று இருந்து, லேசாக அழுத்தினால் பள்ளம் விழாதபோது, அடியில் அச்சு குத்துங்கள். அதற்கு முன்னால் குத்தினால் ஓரம் பிதுங்கும், காய்ந்தபின் குத்தினால் விரிசல் விடும். சுட்டு முடிப்பதற்குள் மண் 10 முதல் 12 சதவீதம் சுருங்கும், எழுத்தும் கூடவே சுருங்கும். அதனால் எழுத்து 4 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்குமுன் அடியில் மெழுகு தடவுங்கள், இல்லாவிட்டால் கிளேஸ் எழுத்தை அடைத்துவிடும். கலைஞர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட எழுத்துக்கூட்டலை மாற்றாதீர்கள். உங்கள் குழுவின் பெயர் அதற்குக் கீழே, சின்னதாக.

லேசர் பிரின்டர் டீகால் வேண்டவே வேண்டாம். சூளையில் டோனரின் இரும்பு மட்டும் மிஞ்சி, கறுப்பு பழுப்பாகிவிடும். லினோகட்டுக்குக் கறுப்புதான் உயிர். செராமிக் மையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்ததை வாங்குங்கள். கிளேஸ் போட்டுச் சுட்ட கப்பில் ஒட்டியதும் ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தண்ணீரை வழித்துவிடுங்கள். உள்ளே சிக்கும் ஒரு துளி சூட்டில் வெடித்து, படத்தின் நடுவே வெள்ளை ஓட்டை போட்டுவிடும். 500 டிகிரிவரை சூளையைக் கொஞ்சம் திறந்தே வைத்துப் புகையை வெளியே விட்டு, பிறகு மூடி 800வரை ஏற்றுங்கள். வாய் வைக்கும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்குப் படம் வரக் கூடாது. கையால் கழுவினால் போகாது.

250 ராண்ட் சரிதான். அதில் மண், சூளைச் செலவோடு உடைந்துபோனவற்றின் செலவையும் கழியுங்கள், அடுத்தது கலைஞரின் பங்கு, மிச்சம்தான் இல்லத்துக்கு. கப் வாங்கியவர் வரிவிலக்குக்கு, நன்கொடைக்குக் கொடுக்கும் 18ஏ ரசீது கேட்டால், இது விற்பனை, நன்கொடை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.