இரத்த அழுத்தத்திற்காகப் போன அம்மாவிடம் தாதி ஏன் மனநிலையைப் பற்றிக் கேட்டார்?

பினாங்கில் அரசாங்கக் கிளினிக்கிற்கு இரத்த அழுத்த மருந்து வாங்கச் சென்ற உங்கள் அம்மாவிடம் தாதி 21 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தது, அவரை மனநோயாளி என்று முத்திரை குத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டாஸ்-21 தாளாக இருக்க வேண்டும்; கடந்த ஒரு வாரத்தில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றும் எந்த அளவுக்கு இருந்தன என்பதை, ஒவ்வொன்றுக்கும் ஏழு கேள்விகளாக, 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு அது அளக்கிறது. யாரை மேலும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று வடிகட்டிக் காட்டும் கருவி மட்டுமே அது. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணி.

தாதியாகப் பணிபுரியும் நான் தாளைவிட ஆளைத்தான் அதிகம் கவனிப்பேன். "ஒன்னும் இல்ல மிஸ்ஸி, நெஞ்சுதான் படபடங்குது" என்று சொல்லும் அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தால், உறக்கம், பசி, வீட்டில் அண்மையில் நேர்ந்த இழப்பு, துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதை எல்லாம் அவசரமின்றிக் கேட்பேன். நம் பெரியவர்கள் மனத்தின் வலியை உடலின் மொழியில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்க வேண்டும்; அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை.

ஒரு வேண்டுகோள்: மலாய்க் கேள்விகளை நீங்களே மொழிபெயர்த்துச் சொன்னால், பிள்ளையின் முன்னால் அம்மா பலவற்றை விழுங்கிவிடுவார். தமிழ் தெரிந்த தாதியைக் கேட்டுப் பெற்று, சிறிது நேரம் வெளியே காத்திருங்கள்.