தோற்றுக்கொண்டே இருக்கும் கூடைப்பந்து அணி, துணை வீரர்களை மாற்றிக்கொள்ளலாமா?

பொருந்தாதவர்களை மட்டும் மாற்றலாம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணியான லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 2020-ல் கோப்பை வென்றபோது, அதன் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸுக்குத் தோள்கொடுத்த துணை வீரர்களில் கைல் குஸ்மாவும் கால்ட்வெல்-போப்பும் உண்டு. அடுத்த ஆண்டே இவர்கள் உட்பட மூவரைக் கொடுத்து, ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். பெரிய நட்சத்திரம்தான், ஆனால் லெப்ரானைப் போலவே பந்து கையில் இருந்தால்தான் அவர் ஆட்டம் எடுபடும், தொலைவிலிருந்து கூடைக்குள் எறிவதிலும் வல்லவர் அல்ல. அந்தப் பருவத்தில் 33 வெற்றி, 49 தோல்வி! எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

மறு பருவமும் முதல் 12 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. 2023 பிப்ரவரியில் வெஸ்ட்புரூக்கை அனுப்பி டி'ஆஞ்சலோ ரஸ்ஸல், வாண்டர்பில்ட், பீஸ்லி ஆகியோரைச் சேர்த்தார்கள். இன்னொரு துணை வீரர் ஹச்சிமுரா ஜனவரியிலேயே வந்திருந்தார். எறிபவரும் தடுப்பவரும் கிடைத்ததும், அதே அணி மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றுவரை, அதாவது கோப்பைக்கான இறுதிக்கு முந்தைய சுற்றுவரை சென்றது.