வாகனக் கேள்வி பதில்: புதிய பிக்கப்பில் எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட புதிய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறேன். மிளகு மூட்டைகளோடு மலையேறும்போது அதன் இழுவையும், சாலை முழுவதும் தெரியும்படி உயர்ந்த இருக்கையும் மனத்துக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால், சரக்கில்லாமல் வரும்போது பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. மழை பெய்தால் வளைவுகளில் வழுக்குவது போலவும் தெரிகிறது. பின் அச்சின் ஸ்பிரிங்காக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் (லீஃப் ஸ்பிரிங்) ஒன்றைக் குறைத்து, ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், செம்மேடு, கொல்லிமலை)

பதில்: பட்டையில் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குணங்களும் உங்கள் வண்டியின் பழுது அல்ல. பிக்கப் என்ற அமைப்பிலேயே உள்ளவை. இசூசு வி-கிராஸ் ஆனாலும், டொயோட்டா ஹைலக்ஸ் ஆனாலும், ஏணி வடிவ இரும்புச் சட்டகத்தின் மேல் உடலும் பின் அச்சில் பட்டை ஸ்பிரிங்கும்தான். முழுச் சரக்கையும் தாங்கும்படி அந்தப் பட்டைகளை அடுக்கியிருப்பதால், சுமை இல்லாதபோது அவை வளைந்து கொடுப்பதில்லை. எஞ்சினும் கேபினும் முன்பக்கம் இருப்பதால், வெறும் வண்டியில் பின் சக்கரங்களின் மேல் விழும் எடை குறைவு. வண்டியை உந்துவதோ அதே பின் சக்கரங்கள். ஈரத்தில் அவை பிடி இழப்பது இதனால்தான்.

முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பெரும்பாலான பிக்கப்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். சுமை இல்லாதபோது எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். காற்றடிக்கும் கடையில் பிக்கப் என்றதும் நான்கு சக்கரத்துக்கும் சுமைக்குரிய அழுத்தத்தையே ஏற்றிவிடுவது வழக்கம். டயர் சூடாகும் முன், வெறும் வண்டிக்கு உரிய அளவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தூக்கிப் போடுவதில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையைப் பலர் கடைசி வரை செய்வதே இல்லை.

அடுத்தது மணல் மூட்டை. தொடர்ந்து சரக்கின்றிச் செல்லும் நாட்களில் இரண்டு மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே, சக்கர வளைவுகளுக்கு நடுவில் வைத்து, சரக்கேற்றும் தொட்டியில் உள்ள வளையங்களோடு இறுக்கிக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங்கின் பிடிப்பு குறையும். கட்டாமல் வைத்தாலோ, திடீர் பிரேக்கில் மூட்டை கேபினை நோக்கி வந்து மோதும்.

நான்கு சக்கர இயக்கத்தையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். இத்தகைய வண்டிகளில் 4எச் (நான்கு சக்கரங்களும் உந்தும் நிலை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்கின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருப்பதால், பிடிப்புள்ள தார்ச் சாலையில் அந்த வேறுபாடு போக வழியின்றிப் பல்சக்கரங்களையும் அச்சுகளையும் முறுக்கும். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் 4எச்சில் கடப்பது வண்டிக்குச் செய்யும் கேடு. சேறு, சரளை, தோட்டத்து மண்பாதை ஆகியவற்றுக்கு மட்டும் அதைப் போடுங்கள். ஈரத் தார்ச் சாலைக்குக் குறைந்த வேகமும் நல்ல டயரும் போதும். இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்.

புதுப் பட்டைகள் சில மாதம் சுமை கண்ட பிறகே பழகி உட்காரும் என்பதால், ஷாக் அப்சார்பரைப் பற்றிய முடிவை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே செய்யத் தக்க ஒரு சிறு வேலை இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்கதவு திறந்ததும் தொப்பென்று விழுகிறது என்றால், அதை மெல்ல இறக்கும் வாயுத் தண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கீல்களும் பிழைக்கும், கை விரல்களும் பிழைக்கும்.

கேள்வி: தக்காளிப் பெட்டி ஏற்றும் சிறிய பிக்கப் புதிதாக எடுத்திருக்கிறேன். கூடுதலாக ஒரு பட்டை போட்டு, பக்கப் பலகையையும் உயர்த்திவிட்டால் ஒரே நடையில் அதிகப் பெட்டி கொண்டு போகலாமே? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அதனால் சுமை தாங்குவது போலத் தோன்றும். ஆனால் பிரேக், அச்சு, சக்கரத் தாங்கிகள், டயர் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. அத்தோடு வேறொரு ஆபத்தும் உண்டு. சில பிக்கப்களின் அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சிலிருந்து சட்டகத்துக்குச் செல்லும் மெல்லிய கம்பியும் அதன் முனையில் ஒரு வால்வும் தெரியும். சுமையில் வண்டி எவ்வளவு தாழ்கிறதோ அதற்கேற்ப அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. கூடுதல் பட்டையால் வண்டி தாழாமல் நின்றால், வால்வைப் பொறுத்தவரை அது வெறும் வண்டி. முழுச் சரக்கோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக்குக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாரும் பட்டை கூட்டத் துணியக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தொட்டியில் ரப்பர் விரிப்பு, கயிறு கட்டக் கூடுதல் கொக்கி, நல்ல தார்ப்பாய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டி அதிகமானால் இன்னொரு நடை போவதே சரி.

கேள்வி: மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுகிறேன். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க என்ன போடலாம்? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: தொட்டியின் வடிவில் வார்த்து, எடுத்து உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் உறை விலை மலிவுதான். ஆனால் அது அதிர்ந்து உரசி அடியில் பெயின்ட்டைத் தேய்க்கும். உப்புநீர் இடுக்கில் புகுந்து வெளியேறாமல் தங்கும். உங்கள் தொழிலுக்கு, இரும்போடு ஒட்டிக்கொள்ளும்படி தெளிக்கும் பூச்சே ஏற்றது. புது வண்டியிலேயே, கீறல் விழும் முன் செய்துவிடுங்கள். பூசும்போது தொட்டி மூலைகளில் உள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கிக்காகத் துளை போட்டால், அதன் விளிம்பில் பிரைமர் பூசாமல் போல்ட்டை முடுக்க வேண்டாம். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். வேலை முடிந்த அன்றே தொட்டியோடு சட்டகத்தின் அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவுங்கள்.

கேள்வி: முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பும், அதிக ஒளி தரும் பல்பும் போடலாமா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: தடுப்பு வேண்டாம். மோதலின்போது பம்பரும் சட்டக முனையும் நசுங்குவதையும், ஏர்பேக் விரிய வேண்டிய கணத்தையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். சட்டகத்தோடு முடுக்கிய இரும்பு அந்தக் கணக்கைக் கெடுக்கும், நடந்து செல்பவர்களுக்கும் காயத்தைக் கூட்டும். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியுள்ளது. ஹாலஜன் விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். எச்4 வகை ஹாலஜன் பல்பு 60/55 வாட் (தூர ஒளிக்கு 60, கிட்ட ஒளிக்கு 55) அளவிலேயே இருக்கட்டும். மங்கலாகத் தெரிந்தால், வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் வழியாகச் செருகும் ரிலே வயரிங் செட் ஒன்றை ஃபியூஸோடு பொருத்துங்கள்; பேட்டரியின் முழு மின்னழுத்தமும் பல்புக்குச் சென்று சேரும். அதன்பின் சுமையோடு ஒரு முறை, சுமையின்றி ஒரு முறை சுவரில் ஒளியடித்து விளக்கின் கோணத்தைச் சரிபாருங்கள்.