மலாய் படியுங்கள் தம்பி, ஆய்வகத்தையும் விடாதீர்கள்

தம்பி, திருச்சியில் வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, வருவதாக எழுதியிருக்கிறீர்கள். "வெளியூர்க்காரன் அங்கே டீன், துணைவேந்தர் வரை போக முடியுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பினாங்கில் எனக்கு இது 21-ஆம் வருஷம். விரிவுரையாளராக வந்தேன், இப்போது பேராசிரியர்; நடுவில் மூன்று வருஷம் துணை டீன் பொறுப்பும் பார்த்தேன்.

நம் ஊரில் ஆளுநரை வேந்தராகப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே அந்த இடத்தில் பெரும்பாலும் அரச குடும்பத்தினர். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு பெர்லிஸ் மாநிலத்தின் ராஜா. நிர்வாகம் துணைவேந்தர் கையில். அவரை உயர்கல்வி அமைச்சர் நியமிக்கிறார், 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி. வெளிநாட்டவரைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் எடுப்பார்கள். அதனால் அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள மோனாஷ், நாட்டிங்ஹாம் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளை வளாகங்களில் நிலைமை வேறு, அங்கே வெளிநாட்டவர் தலைமைப் பொறுப்புக்கு வருவது சகஜம்.

ஆனால் பாதை எப்படிப் போகிறது என்று பார்க்க அஸ்மா இஸ்மாயிலைப் பாருங்கள். டைபாய்டு காய்ச்சலை விரைவாகக் கண்டுபிடிக்கும் டைபிடாட் பரிசோதனையை உருவாக்கியவர். கிளந்தான் மாநிலத்தில் உள்ள எங்கள் குபாங் கெரியான் வளாகத்தில் ஆய்வு, அப்புறம் ஓர் ஆய்வு நிலையத்தின் இயக்குநர், இன்னொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், உயர்கல்வித் துறைத் தலைமை இயக்குநர். 2016-இல் இங்கே முதல் பெண் துணைவேந்தர். ஆய்வில் சம்பாதித்த மதிப்புதான் அவரை அங்கே கொண்டுபோனது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் விஷயத்தில் கதவைத் திறந்தது மலாய். வந்த மூன்றாம் மாதம் ஒரு துறைக் கூட்டம். மேசையில் குயே என்கிற மலாய்ப் பலகாரத் தட்டு, பக்கத்தில் தடித்த கோப்பு, முழுக்க மலாய். "பெர்காரா பெர்பங்கிட்" என்று ஒரு தலைப்பு வந்தது. போன கூட்டத்தில் பேசிய வேலைகள் என்ன ஆயிற்று என்று கேட்கிற இடம். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியின் பராமரிப்பு ஒப்பந்தம் என் பொறுப்பு. தேதி, தொகை எல்லாம் கையில் இருந்தது, சொல்ல மொழி இல்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்காகப் பேசினார். அன்று பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாளே எங்கள் ஆய்வக உதவியாளரிடம் போனேன். கக் என்றுதான் எல்லோரும் அழைப்போம், அக்கா என்பது போல. ஒரு வருஷம், மாலை ஐந்து மணிக்கு மேல் பழைய கூட்டக் குறிப்புகளை என்னோடு வரிவரியாகப் படித்தார். ரசாயனம் வாங்கும் படிவத்தை நானே மலாயில் நிரப்பாவிட்டால் கையெழுத்துக்கு அனுப்பமாட்டார். துணை டீன் ஆன நாளில் முதல் கூட்டத்தை மலாயில் நடத்தினேன். அவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, வரும்போது பட்டச் சான்றிதழின் அசலைக் கையோடு கொண்டுவாருங்கள், பெட்டியில் போடவேண்டாம். வாடகைக்கு சுங்கை டுவா பக்கம் பாருங்கள், வளாகத்துக்கு நடந்தே போகலாம். அங்கேயுள்ள மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் குடித்தபடி முதல் படிவத்தை நாம் சேர்ந்தே நிரப்புவோம்.