வெப்பமண்டலக் கடலில் குளிர்காலம் எப்படி இருக்கும்?

வெப்பமண்டலக் கடலில் குளிர்காலம் என்பது நீர் குளிர்ந்துவிடும் பருவம் அன்று. காற்றும் அலையும் மாறும் பருவம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நீரின் மேற்பரப்பு வெப்பநிலை ஆண்டு முழுவதும் சில டிகிரி மட்டுமே மாறுகிறது.

காற்று மாறுவதற்கான காரணம் தொலைவில் இருக்கிறது. குளிர்காலத்தில் துருவப் பகுதி கடுமையாகக் குளிர்ந்தும் நிலநடுக்கோட்டுப் பகுதி வெப்பமாகவே இருந்தும் வருவதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெருகி, நிலநடுக்கோட்டை நோக்கி வீசும் வணிகக் காற்று வலுப்பெறுகிறது. வட அரைக்கோளத்தில் இது டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும், தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் நிகழும். தென்சீனக் கடலில் ஆசிய நிலப்பரப்பின் குளிர்காற்று வடகிழக்கிலிருந்து பாய்ந்து, நாள்கணக்கில் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது.

கடலில் செல்வோர் மிகவும் கவனிக்க வேண்டியது நெடுந்தொலைவு அலைகளைத்தான். படகு கண்ணை விட்டு மறைந்த பின்னும் அதன் அலை கரையில் வந்து மோதுவதைப் போல, வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்கள் எழுப்பும் அலைகள், பல நாள் பயணத்துக்குப் பின், ஹவாய்த் தீவுகளின் வடகரையை வந்தடைகின்றன. அங்கு அலை பெருமளவு உயர்வது இதனால்தான். இவ்வலைகள் வழியில் ஆற்றலை மிகக் குறைவாகவே இழக்கின்றன.

வெப்பமண்டலப் புயல்கள் உருவாக நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸாவது தேவை. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நீர் குளிர்காலத்தில் ஓரளவு குளிர்வதால், பெரும்பாலான பகுதிகளில் அவை இப்பருவத்தில் குறைகின்றன.

வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தால் கடலும் அமைதியாகவே இருக்கும் என்று பலர் நம்புவது தவறு. அலையை எழுப்பிய புயல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம்.