பழைய அசெப்டிக் லைன் வாங்குமுன் எதை அளக்க வேண்டும்?

கேள்வி: கெட்டியான காய்கறி சூப்பை (பிஎச் 5.5, துண்டுகள் கிடையாது) அசெப்டிக் பையில் (கிருமி நீக்கிய உணவை, கிருமியில்லாத சூழலில் அடைக்கும் பை) அடைக்கப் போகிறோம். பயன்படுத்திய லைன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மணிக்கு 1,000 லிட்டர், 140 டிகிரி செல்சியஸ், 4 விநாடி என்கிறார்கள். ஹோல்டிங் டியூபின் (சூடேறிய சூப் அதே சூட்டில் குறித்த நேரம் இருந்து கடக்கும் குழாய்) உள்விட்டம் 25 மி.மீ., நீளம் 2.3 மீட்டர். தண்ணீர் விட்டு ஓட்டியும் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: இந்த டியூபோடு வேண்டாம். அந்த 4 விநாடி வெறும் சராசரி. சராசரி வேகம் விநாடிக்கு 0.57 மீட்டர் என்பதால் கணக்கு பொருந்துகிறது, ஆனால் கெட்டியான சூப் குழாய்க்குள் கலங்கி ஓடாது. சுவரை ஒட்டியது தயங்கித் தயங்கி நகரும். நடுவில் ஓடுவது சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போய்விடும். அந்த நடுப்பகுதி 140 டிகிரியில் நிற்பது 2 விநாடிதான்.

பிஎச் 4.6-க்கு மேற்பட்ட உணவில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகளை ஒழிக்க, 121.1 டிகிரியில் 3 நிமிடத்துக்கு ஈடான சூடு குறைந்தபட்சம் வேண்டும். 140 டிகிரியில் அதற்கு 2.3 விநாடி பிடிக்கும். உங்கள் டியூப் அதைக்கூடத் தரவில்லை. உணவைக் கெடுக்கும் வேறு சில வித்துகள் இன்னும் அதிகச் சூடு தாங்கும் என்பதால் 5 நிமிட ஈடு வைப்பதே நல்லது. அதற்கு நடுப்பகுதிக்கே 4 விநாடி கிடைக்க வேண்டும்; நீளம் 4.5 மீட்டர். 5 மீட்டராகப் போடச் சொல்லுங்கள். இறுதி வெப்பநிலையையும் நேரத்தையும் வெப்பப் பதப்படுத்தல் வல்லுநர் ஒருவர் கணக்கிட்டு எழுத்தில் தரட்டும்.

தண்ணீர் ஓட்டத்தை நம்பாதீர்கள். தண்ணீர் கலங்கி ஓடும், சுவரில் அடிப்பிடிக்காது, பம்புக்கும் சுமை இல்லை. உங்கள் சூப்பையே இரண்டு மணி நேரமாவது ஓட்டி, சூடேற்றும் பகுதியின் நுழைவாயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அடிப்பிடித்தால் அது ஏறும்.

டியூப் மீட்டருக்கு 2.1 செ.மீ.யாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் காற்று தங்கி, இடம் குறைந்து, நேரமும் குறையும். அதை வெளியிலிருந்து சூடேற்றக் கூடாது. வெப்பநிலை சென்சார் டியூபின் முடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் வாசலில் மட்டும் இருந்தால் போதாது. 140 டிகிரியில் கொதிக்காமல் தடுக்க 2.6 பார் கேஜ் அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்) வேண்டும், அதனால் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பேக் பிரஷர் வால்வு 4 பார் வரை ஆடாமல் பிடிக்க வேண்டும். உள்ளே ஆவி கிளம்பினால் சூப்பை முன்னால் தள்ளிவிடும். ரீஜெனரேட்டர் (சூடான சூப்பின் வெப்பத்தால், தகட்டுக்கு மறுபக்கம் உள்ள பச்சை சூப்பைச் சூடேற்றும் பகுதி) இருந்தால், கிருமி நீக்கிய பக்கத்தின் அழுத்தம் பச்சை சூப் பக்கத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். தகட்டில் ஊசித்துளை விழுந்தாலும் கசிவு அப்போது பச்சைப் பக்கத்துக்கே போகும்.

கடைசியாக, ஓட்டத்தின் நடுவே நீராவியை மூடச் சொல்லுங்கள். டைவர்ஷன் வால்வு (சூடு குறைந்தால் ஓட்டத்தைத் திசைதிருப்பும் வால்வு) உடனே சூப்பைத் திருப்பிவிட வேண்டும். லைனை மறுபடி முழுதாக ஸ்டெரிலைஸ் செய்யாமல் ஃபில்லருக்கு (பையில் நிரப்பும் இயந்திரம்) சூப் போக விடவும் கூடாது. திரும்பச் சூடேறியதும் தானாக முன்னோக்கி அனுப்பினால், அந்தக் கண்ட்ரோல் பேனலை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.